கென்னி டால்கிளிஷ்: கோலுக்கு முதுகு காட்டி நின்ற முன்கள வீரர்

கேள்வி இதுதான். இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான லிவர்பூலுக்காக இயன் ரஷ் 346 கோல் போட்டிருக்கிறார். கென்னி டால்கிளிஷ் போட்டது 172, அதாவது ஏறத்தாழப் பாதிதான். பெரிய வேகமும் கிடையாது. அப்படியிருக்க லிவர்பூல் ரசிகர்கள் ரஷ்ஷை விட்டுவிட்டு டால்கிளிஷை ஏன் 'கிங் கென்னி' என்கிறார்கள்? ஸ்காட்லாந்து அணிக்கு டால்கிளிஷும் அவருக்கு முந்தைய தலைமுறை முன்கள வீரர் டெனிஸ் லாவும் ஆளுக்கு 30 கோல் போட்டிருக்கிறார்களே, இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர்?

கணக்கு சரிதான். ரஷ் போட்ட அந்தக் கோல்களில் எத்தனை டால்கிளிஷின் காலிலிருந்து பிறந்தவை என்பதுதான் அதில் வரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டால்கிளிஷ் பெரும்பாலும் எதிரணிக் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆடினார். முன்கள வீரர் என்றாலே கோலைப் பார்த்து ஓடுகிறவர் என்றுதான் நாம் நினைப்போம். இவர் பெனால்டி பாக்ஸின் விளிம்பிலோ அதற்குச் சற்று வெளியிலோ நிற்பார். பின்னால் ஒரு டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டிருப்பார். பந்து இவர் காலுக்கு வரும். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்தான், ஆனால் தொடையும் இடுப்பும் நல்ல கட்டு. இரண்டு கைகளையும் அகட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, டிஃபெண்டருக்கும் பந்துக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொள்வார். பந்தைத் தொட வேண்டுமானால் இவரைச் சுற்றித்தான் வரவேண்டும். சுற்றி வருவதற்குள் பந்து போயிருக்கும்.

எங்கே போயிருக்கும் என்பதுதான் முக்கியம். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவார். தன் ஆள் யார் எந்தப் பக்கம் ஓடத் தயாராக இருக்கிறார், டிஃபெண்டர்கள் நடுவே இடைவெளி எங்கே இருக்கிறது, கோல்கீப்பர் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பார்வையில் பதிந்துவிடும். அதனால்தான் வேகமில்லாதது அவருக்குக் குறையாகவே தெரியவில்லை. மற்றவர்கள் பந்தை வாங்கி, நிமிர்ந்து பார்த்து, யோசித்துச் செய்வதை அவர் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டிருப்பார். இரண்டு காலும் சமமாகப் பேசும். திரும்புகிற திருப்பத்திலேயே வலது காலாலோ இடது காலாலோ பந்தை வளைத்துத் தூர மூலைக்கு அனுப்புவது அவருடைய அடையாளமாகிவிட்டது.

இப்படி ஒரு ஆட்டக்காரர் எங்கிருந்து வந்தார்? 1951 மார்ச் 4 அன்று கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியான டால்மார்னக்கில் பிறந்தார். பிறகு குடும்பம் நகரத்தின் வேறு பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து, ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்குப் பக்கத்திலேயே வந்து குடியேறியது. பையன் ரேஞ்சர்ஸ் ரசிகன். கிளாஸ்கோவில் இது சாதாரண விஷயம் கிடையாது. ரேஞ்சர்ஸ் என்றால் புரோட்டஸ்டன்ட், செல்டிக் என்றால் அயர்லாந்து வழி வந்த கத்தோலிக்கர் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம். டால்கிளிஷ் புரோட்டஸ்டன்ட் குடும்பம்.

1967இல் செல்டிக்கின் மேனேஜர் ஜாக் ஸ்டீன் தன் உதவியாளர் ஷான் ஃபாலனை இந்தப் பையனின் வீட்டுக்கு அனுப்பினார். ஃபாலன் வருகிறார் என்று தெரிந்ததும் படுக்கையறைச் சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் வீரர்களின் படங்களைப் பையன் அவசர அவசரமாகக் கிழித்தான் என்ற கதை கிளாஸ்கோவில் இன்றும் சொல்லப்படுகிறது. ஸ்டீனைப் பொறுத்தவரை ஆட்டம் தெரிந்தால் போதும், எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். அவரே புரோட்டஸ்டன்ட்தான். அந்த 1967 மே மாதத்தில்தான் செல்டிக் லிஸ்பனில் இன்டர் மிலானை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. பிரிட்டனிலிருந்து அந்தக் கோப்பையை வென்ற முதல் கிளப் அது.

ஐரோப்பாவின் சாம்பியன் அணிக்குள் பதினாறு வயதுப் பையன் உடனே நுழைந்துவிட முடியுமா? முதல் வருடம் கம்பர்னால்ட் யுனைடெட் என்ற சின்ன கிளப்புக்கு அனுப்பினார்கள். அங்கே 37 கோல் போட்டார். ஆடியது போக, தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து செல்டிக்கின் ரிசர்வ் அணியில் சேர்ந்தார். டேனி மெக்ரெய்ன், லூ மெக்காரி, டேவிட் ஹே என்று பின்னாளில் ஸ்காட்லாந்துக்கே ஆடிய ஒரு கூட்டமே அதில் இருந்தது. முதல் அணிக்காக 1968இல் ஒரு ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினாலும், ஸ்டீன் அவசரப்படவில்லை. இவனை நடுக்களத்தில் போடுவதா, முன்களத்தில் போடுவதா என்று அவருக்கே கொஞ்ச காலம் பிடிபடவில்லை என்பார்கள். 1971 மே மாதம் கில்மார்னக்கில் ஃபிராங்க் பீட்டி என்ற வீரரைக் கௌரவிக்க ஒரு ஆட்டம் நடந்தது. செல்டிக் 7-2 என்று ஜெயித்தது. அதில் டால்கிளிஷ் போட்டது மட்டும் 6.

அடுத்த ஆகஸ்ட்டில் ஐப்ராக்ஸில் ரேஞ்சர்ஸோடு லீக் கோப்பை ஆட்டம். செல்டிக்குக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கேப்டன் பில்லி மெக்நீல் இருபது வயது டால்கிளிஷிடம் அடிக்கச் சொன்னார். மைதானம் முழுக்க ரேஞ்சர்ஸ் கூட்டம் கத்துகிறது. பையன் பந்தை வைத்தான், குனிந்து ஷூ லேஸை நிதானமாகக் கட்டிக்கொண்டான், நிமிர்ந்து கோல் அடித்தான். எந்த மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தானோ, எந்த அணிக்காகக் கத்திக்கொண்டிருந்தானோ, அதே இடத்தில் அதே அணிக்கு எதிராக. நெருக்கடியில் அவசரப்படாத அந்தக் குணம் கடைசி வரை அவரிடம் இருந்தது.

செல்டிக்கில் 4 லீக் பட்டம், 4 ஸ்காட்டிஷ் கோப்பை, ஒரு லீக் கோப்பை, 160க்கும் மேற்பட்ட கோல்கள். 1975இல் மெக்நீல் ஓய்வு பெற்றதும் கேப்டன் ஆனார். ஆனால் செல்டிக் மறுபடி ஐரோப்பாவின் உச்சிக்குப் போகும் என்ற நம்பிக்கை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. அவருக்கு வெளியே போய் ஆடிப் பார்க்க வேண்டும். ஸ்டீன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். 1977 ஆகஸ்ட்டில் லிவர்பூல் 4 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. பிரிட்டிஷ் கிளப்புகளுக்கு இடையில் அன்றைக்கு அதுதான் சாதனைத் தொகை. அவர் போன அடுத்த சீசனிலேயே செல்டிக் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது, ஸ்டீனும் விலகினார். செல்டிக் ரசிகர்களுக்கு அந்த வலி உடனே ஆறவில்லை. 1978இல் ஸ்டீனுக்காக நடந்த சிறப்பு ஆட்டத்தில் லிவர்பூல் சட்டையோடு வந்தவரைப் பார்த்துக் கேலிக் கூச்சல் போட்டவர்களும் உண்டு.

லிவர்பூலிலும் சும்மா உட்காரக் கிடைத்த நாற்காலி இல்லை அது. கெவின் கீகன் அப்போதுதான் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்குப் போயிருந்தார். ரசிகர்களின் செல்லப்பிள்ளை அவர். அவருடைய 7ஆம் எண் சட்டையைத்தான் டால்கிளிஷுக்குக் கொடுத்தார்கள். லீக்கில் மிடில்ஸ்பரோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல். சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் நியூகாசிலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலும் கோல். சீசன் முடியும்போது 31 கோல். கீகன் பேச்சு அடங்கிவிட்டது.

அந்த 31இல் கடைசிக் கோலைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1978 மே 10, லண்டன் வெம்ப்ளி மைதானம், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரணி பெல்ஜியத்தின் ப்ரூக். தற்காப்பையே நம்பி வந்த அணி, ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கோல் விழவில்லை. கிரேம் சூனெஸ் பாக்ஸின் விளிம்பிலிருந்து ஒரு சின்ன பாஸை உள்ளே நழுவவிட்டார். வலது பக்கமாகப் புகுந்த டால்கிளிஷ் பந்தைப் பிடித்தபோது கோல்கீப்பர் ஜென்சன் வெளியே வந்து கோணத்தை அடைத்துவிட்டார். பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்கள் அந்த இடத்தில் ஓங்கி அடித்து கோல்கீப்பர் மேலேயே போட்டுவிடுவார்கள். இவர் அடிப்பதுபோல் ஒரு கணம் காத்திருந்தார். ஜென்சன் கீழே விழத் தொடங்கினார். விழுகிறவரின் மேலாகப் பந்தை மெதுவாகத் தூக்கித் தூர மூலையில் போட்டார். 1-0. முகமெல்லாம் சிரிப்போடு விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ரசிகர்களை நோக்கி ஓடினார். அந்தப் பந்தில் பலமே இல்லை. இருந்தது ஒரு கணக் காத்திருப்பு மட்டும்தான்.

அந்த அணியில் டால்கிளிஷோடு இன்னும் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள்: நடுக்களத்தில் சூனெஸ், பின்களத்தில் ஆலன் ஹேன்சன். இந்த மூவரும் அணியின் முதுகெலும்பு. 1978-79 சீசனில் 42 லீக் ஆட்டங்களில் லிவர்பூல் வாங்கிய கோல் வெறும் 16. டால்கிளிஷ் போட்டது 21. அந்த வருடமும், பிறகு 1983இலும் கால்பந்து எழுத்தாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். லிவர்பூலில் சேர்ந்த நாளிலிருந்து முதல் மூன்று லீக் சீசன்களில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. பின்னாலிருந்து உதைப்பதற்குப் பெரிதாகத் தண்டனை இல்லாத காலம் அது. முதுகு காட்டி நிற்பவருக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கும் என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

இப்போது ரஷ் விஷயத்துக்கு வருகிறேன். 1980-81இல் டால்கிளிஷின் லீக் கோல்கள் 8 ஆகக் குறைந்தன. முப்பதை நெருங்குகிறார், இனி இறங்குமுகம்தான் என்று பேசத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் செஸ்டர் கிளப்பிலிருந்து வாங்கிய வேல்ஸ் நாட்டு இளைஞர் இயன் ரஷ் முதல் அணிக்கு வந்து சேர்ந்தார். ரஷ்ஷுக்குக் கால் முழுக்க வேகம். டால்கிளிஷ் தன் இடத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், ரஷ்ஷை முன்னால் விட்டார்.

அதன் பிறகு நடந்தது இங்கிலாந்துக் கால்பந்தில் நான் மிகவும் ரசிக்கிற காட்சி. டால்கிளிஷ் காலுக்குப் பந்து கிளம்பும்போதே ரஷ் ஓடத் தொடங்கிவிடுவார். பந்து வந்து சேர்ந்ததைப் பார்த்து ஓட மாட்டார், கிளம்பியதைப் பார்த்தே ஓடுவார். பந்து எப்படியும் தன் ஓட்டப் பாதைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். டிஃபெண்டர்கள் பாடு திண்டாட்டம். டால்கிளிஷை நெருக்கப் போனால் பின்னால் ரஷ்ஷுக்கு வெளி கிடைக்கும். ரஷ்ஷுக்குப் பயந்து பின்வாங்கினால் டால்கிளிஷ் திரும்பி நின்று தானே அடித்துவிடுவார். 1982-83இல் லீக்கில் ரஷ் 24, டால்கிளிஷ் 18. அடுத்த சீசனில் டால்கிளிஷின் லீக் கோல்கள் 7தான், ஆனால் ரஷ் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 47 போட்டார், அணி மூன்று கோப்பைகளை வென்றது. அதில் ஒன்று ரோமில், ரோமா அணியை அவர்கள் சொந்த மைதானத்திலேயே பெனால்டியில் வென்ற ஐரோப்பியக் கோப்பை. கோல் எண்ணிக்கை குறையக் குறைய இவருடைய மதிப்பு ஏறியதற்குக் காரணம் இதுதான். 1983இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் வாக்கெடுப்பில் மிஷெல் பிளாட்டினிக்கு அடுத்த இடம் டால்கிளிஷுக்கு.

ஸ்காட்லாந்து சட்டையில் கதை கொஞ்சம் வேறு. 102 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர், அந்த 102 இன்றும் சாதனையாக நிற்கிறது. 1974, 1978, 1982 என்று மூன்று உலகக் கோப்பைகள். மூன்றிலும் ஸ்காட்லாந்து முதல் சுற்றோடு வீடு திரும்பியது. 1974இல் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், பிரேசிலோடுகூட டிரா செய்துவிட்டு, கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள். 1978இல் அர்ஜென்டினாவுக்குப் போன அணியைப் பற்றி நாடே பெரிதாகக் கனவு கண்டது. பெருவிடம் தோற்று, ஈரானோடு டிரா செய்து, கடைசியில் நெதர்லாந்தை 3-2 என்று ஜெயித்தும் பயனில்லாமல் போனது. அந்த ஆட்டத்தில் ஆர்ச்சி கெம்மில் போட்ட கோல்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன்பு சமன் செய்த கோல் டால்கிளிஷுடையது.

செல்டிக்கிலும் லிவர்பூலிலும் தெரிந்த டால்கிளிஷை நாட்டுக்கான ஆட்டத்தில் அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை என்று ஸ்காட்லாந்து ரசிகர்கள் சொல்வது உண்டு. என் கணிப்பில் அதில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய ஆட்டம் தன்னைச் சுற்றி யார் எப்போது ஓடுவார் என்று தெரிந்தால்தான் முழுதாக மலரும். கிளப்பில் அது தினசரிப் பயிற்சியில் ஊறி வரும். தேசிய அணியில் வருடத்துக்குச் சில ஆட்டங்கள், ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அப்படியும் 1976இல் கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் இங்கிலாந்தை வீழ்த்திய கோல் அவருடையது. அவர் அடித்த பந்து கோல்கீப்பர் ரே கிளெமன்ஸின் கால்களுக்கு நடுவே நழுவிப் போனது. அடுத்த வருடமே அதே கிளெமன்ஸோடு லிவர்பூலில் ஒரே உடைமாற்றும் அறை. 1984 நவம்பரில் ஸ்பெயினுக்கு எதிராக இடது காலால் வளைத்துப் போட்டதுதான் அவருடைய 30ஆவது கோல், லாவின் சாதனையைத் தொட்டது. 1986 உலகக் கோப்பைக்கு முழங்கால் காயத்தால் போக முடியவில்லை.

1985 மே 29. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹேசல் மைதானத்தில் லிவர்பூலும் யுவென்டஸும் மோதவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்பு, லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் பாய்ந்து விரட்டியதில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர். மேனேஜர் ஜோ ஃபேகன் ஏற்கெனவே விலக முடிவு செய்திருந்தார். அந்தத் துயரத்தின் மறுநாளே டால்கிளிஷ் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருப்பார் என்று அறிவிக்கப்பட்டது. வயது 34. மேனேஜர் அனுபவம் துளியும் இல்லை. இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் தடை.

அந்த முதல் சீசனில் அவர் தன்னைத்தானே பெரும்பாலும் அணிக்கு வெளியே வைத்துக்கொண்டார். பிப்ரவரியில் உள்ளூர் எதிரியான எவர்ட்டனிடம் ஆன்ஃபீல்டிலேயே தோற்றபோது பட்டம் கை நழுவிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு தன்னை மீண்டும் அணியில் சேர்த்துக்கொண்டார். கடைசி 12 லீக் ஆட்டங்களில் 11 வெற்றி, ஒரு டிரா. மே 3 அன்று செல்சி மைதானத்தில் ஜெயித்தால் பட்டம். ஜிம் பெக்லின் பந்தை டிஃபெண்டர்களுக்கு மேலாகத் தூக்கிக் கொடுக்க, டால்கிளிஷ் நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமலேயே வலது காலால் மூலையில் அடித்தார். 1-0. அணியைத் தேர்ந்தெடுத்த மேனேஜரே லீக்கை வென்று கொடுத்த கோலையும் போட்டார். ஒரு வாரம் கழித்து எவர்ட்டனை 3-1 என்று வென்று, இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. ஒரே சீசனில் இரண்டையும் வென்றது இருபதாம் நூற்றாண்டில் அதுவரை டோட்டனமும் ஆர்சனலும் மட்டும்தான்.

ரஷ் 1987இல் யுவென்டஸுக்குப் போனபோது ஜான் பார்ன்ஸ், பீட்டர் பியர்ட்ஸ்லி, ஜான் ஆல்ட்ரிட்ஜ், ரே ஹவ்டன் என்று புதிய முன்களத்தையே கட்டினார். 1987-88 சீசனின் முதல் 29 லீக் ஆட்டங்களில் அந்த அணி தோற்கவே இல்லை. அழகாக ஆடிய லிவர்பூல் அணிகளில் அதற்குத்தான் என் ஓட்டு.

ஆனால் லிவர்பூல் மக்கள் அவரை வைத்திருக்கிற இடம் கோப்பைகளால் மட்டும் வந்ததில்லை. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நிற்கும் மாடத்தில், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலித் தடுப்புகளுக்குள் போலீஸ் மேலும் மேலும் கூட்டத்தை விட்டது. ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. லிவர்பூல் ரசிகர்கள் நெரிந்தே இறந்தார்கள். அந்த நெரிசலில் பட்ட காயங்களால் பல வருடம் கழித்து இறந்தவர்களையும் சேர்த்து இன்று கணக்கு 97. டால்கிளிஷின் மகனும் அன்று மைதானத்தில் இருந்தான். கூட்டத்தை அமைதிப்படுத்த ஒலிபெருக்கியில் பேசச் சொன்னபோது போய்ப் பேசினார்.

அதற்கடுத்த நாட்கள்தான் முக்கியம். ஆன்ஃபீல்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மக்கள் கொண்டுவந்து வைத்த பூக்கள் மைதானத்தில் பாதி வரை பரவின. டால்கிளிஷும் மனைவி மரீனாவும் வீரர்களும் அவர்களுடைய மனைவிமாரும் இறந்தவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினார்கள், தேநீர் கொடுத்தார்கள், கூட அழுதார்கள். இறுதிச் சடங்குகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார், ஒரே நாளில் நான்குக்குக்கூடப் போயிருக்கிறார். 38 வயதுக் கால்பந்துக்காரர் அவர், துக்கத்தைத் தேற்றப் படித்தவர் இல்லை. மறுபடி பந்தாடத் தொடங்கிய இடம் எது தெரியுமா? ஏப்ரல் 30 அன்று, அவருடைய பழைய கிளப்பான செல்டிக்கின் மைதானத்தில், குடும்பங்களுக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டம்.

தவறு ரசிகர்கள் மீதுதான் என்று சன் பத்திரிகை 'உண்மை' என்ற தலைப்போடு பொய்ச் செய்தி போட்டது. லிவர்பூல் நகரம் அந்தப் பத்திரிகையைப் புறக்கணித்தது. இப்போது என்ன செய்து சரிக்கட்டலாம் என்று பத்திரிகையின் ஆசிரியர் கேட்டபோது, அதே அளவு பெரிய எழுத்தில் பொய் சொன்னோம் என்று போடுங்கள் என டால்கிளிஷ் பதில் சொன்னதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ரசிகர்கள் மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் தீர்ப்பளிக்க 2016 ஆயிற்று. அந்த 27 வருடமும் குடும்பங்களின் பக்கம் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொன்றும் இருக்கிறது. 1971 ஜனவரி 2 அன்று ஐப்ராக்ஸில் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்தபோது, செல்டிக்கின் இளம் வீரராக அந்த மைதானத்தில் இருந்தவர் டால்கிளிஷ். ஐப்ராக்ஸ், ஹேசல், ஹில்ஸ்பரோ மூன்றையும் கண்ணால் பார்த்தவர். 1990இல் லிவர்பூலுக்கு மீண்டும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அந்த மே மாதம் டார்பிக்கு எதிராக 39 வயதில் மாற்று ஆளாகக் கடைசியாக இறங்கினார். ஆனால் உடம்பில் தடிப்புகள், தூக்கமின்மை, சின்ன முடிவுகூட எடுக்க முடியாத தவிப்பு. 1991 பிப்ரவரியில் எவர்ட்டனோடு 4-4 என்று முடிந்த கோப்பை ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, லீக் பட்டியலில் அணி முதலிடத்தில் இருக்கும்போதே விலகினார். அன்று பலருக்குப் புரியவில்லை. இன்று அதைப் படிக்கும்போது, துக்கத்தை யாரிடமும் இறக்கிவைக்காமல் இரண்டு வருடம் சுமந்த மனிதர் அதற்கு முன்பே விழாமல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

மேனேஜராக அப்புறம் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஃகுத் தொழிலதிபர் ஜாக் வாக்கரின் பணத்தோடு பிளாக்பர்ன் அணியை இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே கொண்டுவந்து, ஆலன் ஷியரரை வாங்கி, 1995இல் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றார். 1914க்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த முதல் லீக் பட்டம். கடைசி ஆட்டத்தில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் தோற்றார்கள், ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமோடு டிரா செய்ததால் பட்டம் தப்பியது. நியூகாசிலில் அவ்வளவு நன்றாக அமையவில்லை. 2011இல் லிவர்பூலுக்கே திரும்பி வந்து, 2012இல் லீக் கோப்பையை வென்றார், அந்த மே மாதமே நீக்கப்பட்டார். லூயிஸ் சுவாரெஸ் இனவெறிப் பேச்சுக்காகத் தண்டிக்கப்பட்ட விவகாரத்தில் அவர் தன் வீரரைக் கண்மூடித்தனமாக ஆதரித்தது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். 2017இல் ஆன்ஃபீல்டின் ஒரு மாடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், 2018இல் சர் பட்டம் வந்தது.

சரி, லாவா டால்கிளிஷா? அபர்டீனில் பிறந்த டெனிஸ் லா அந்த 30 கோலையும் போட்டது வெறும் 55 ஆட்டங்களில். டால்கிளிஷுக்கு அதே எண்ணிக்கையை எட்ட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்டங்கள் பிடித்தன. 1964இல் பாலன் டோர் விருதை லா வென்றார். இன்றுவரை அதை வென்ற ஒரே ஸ்காட்லாந்துக்காரர் அவர்தான். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 404 ஆட்டங்களில் 237 கோல். ஆறு கெஜப் பெட்டிக்குள் அவரைப் போல மின்னலாகப் பாய்ந்தவர் அந்த நாட்டில் பிறக்கவில்லை. 2025 ஜனவரியில் அவர் இறந்தபோது ஸ்காட்லாந்து முழுக்க அதைத்தான் பேசினார்கள். ஸ்காட்லாந்து சட்டைக்கு மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் லாவைச் சொல்வேன்.

ஒரு அணியைக் கட்டச் சொல்லி முதல் ஆளாக யாரை எடுப்பாய் என்று கேட்டால் மட்டும் என் பதில் டால்கிளிஷ். லா தன்னுடைய கோலைப் போடுவார். டால்கிளிஷ் இருந்தால் பக்கத்தில் ஆடுகிற ஸ்ட்ரைக்கரும் தன் வாழ்க்கையிலேயே அதிகக் கோல் போடுவார், ரஷ் போட்டதுபோல. ஆட்டப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பதானால் 1978 இறுதி ஆட்டத்தையும் 1986 செல்சி ஆட்டத்தையும் கோலுக்காகப் பாருங்கள். 1982-83 லீக் ஆட்டம் எது கிடைத்தாலும் முழுதாகப் பாருங்கள். அதில் பந்தைப் பின்தொடராமல், பந்து இல்லாத நேரத்தில் டால்கிளிஷ் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார் என்று மட்டும் கவனித்தால், அரைமணி நேரத்திலேயே நான் இவ்வளவு நீட்டிச் சொன்னது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.